நான்கு நகர்த்தலில் வெற்றி: பிள்ளைகளுக்குப் பொறி கற்பிக்கலாமா?

வட்டார நிலைச் சதுரங்கப் போட்டி நெருங்கும்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்வி வந்து சேர்கிறது. கேட்பவர் சில ஆண்டுகளில் பெற்றோராக இருப்பார். சில ஆண்டுகளில் உடன் பணியாற்றும் ஆசிரியராக இருப்பார். “பிள்ளைகளுக்கு நாலைந்து பொறி சொல்லிக் கொடுத்தால் போதாதா சார்? எதிரில் இருப்பவனும் சின்னப் பிள்ளைதானே, மாட்டிக்கொள்வான்” என்பார்கள். இது புறந்தள்ளத்தக்க கேள்வி அன்று. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறவும் இயலாது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கப்பள்ளி மாணவருக்கான போட்டி பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். சுற்றுகள் பல; ஓர் ஆட்டத்திற்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. அத்தகைய போட்டியில் ஐந்தாறு நகர்த்தலிலேயே எதிராளியை வீழ்த்தும் பிள்ளைக்கு வெற்றியும் கிடைக்கிறது, அடுத்த சுற்றுக்கு முன் நாசி லெமாக் சாப்பிட நேரமும் கிடைக்கிறது. எங்களைப் போன்ற சிறிய தமிழ்ப்பள்ளிக்குப் புறப்பாட நடவடிக்கை நாளில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. பட்டணத்துப் பெரிய பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் பலர் தனிப்பயிற்சி மையங்களில் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள். அவர்களை எதிர்கொள்ள நமக்குள்ள குறுக்குவழி பொறிதான் என்று ஒருவர் எண்ணினால் அதில் வியப்பில்லை. எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை நாடிவந்த பயிற்றுநர் ஒருவர், “ஆறு வாரம், ஆறு பொறி, பதக்கத்திற்கு நான் பொறுப்பு” என்றே கூறினார். அவர் பொய் சொல்லவில்லை. ஓராண்டுப் பதக்கத்திற்கு அது உண்மையிலேயே போதும்.

மேலே செல்லுமுன் காய்களின் பெயர்களைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. நம் பிள்ளைகளுக்கு இதிலேயே பெருங்குழப்பம் உண்டு. மலாய்மொழியில் ‘மந்திரி’ எனப்படுவது அரசி. தமிழில் பலர் மந்திரி என்பது குறுக்காக ஓடும் காயை. அந்தக் குறுக்கோடிக்கு மலாயில் ‘காஜா’, அதாவது யானை என்று பெயர். தமிழ்நாட்டிலோ மூலையில் நிற்கும் காயே யானை! இக்கட்டுரையில் குறுக்காக ஓடுவதை அமைச்சர் என்றும், மற்றவற்றை அரசர், அரசி, குதிரை, காலாள் என்றும் குறிக்கிறேன். கட்டங்கள் ஏ முதல் எச் வரையும் 1 முதல் 8 வரையும் வழக்கம்போல்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கேம்பிட், பொறி என்னும் இரண்டையும் நம்மில் பலர் ஒன்றாகவே கருதுகின்றனர். கேம்பிட் என்பது ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு காலாளையோ காயையோ வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக வேகத்தையும் நடுக்கட்டங்களையும் பெறுவது. காலை நீட்டி இடறிவிடுவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. ரூய் லோப்பஸ் என்னும் ஸ்பானியப் பாதிரியார் 1561ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதைச் சதுரங்கத்திற்குப் பயன்படுத்தினார். (எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையை வைக்கச் சொன்னவரும் இவரே என்பர். நம் பள்ளி மண்டபங்களில் அதற்கு வாய்ப்பில்லை. எல்லார் தலைமேலும் ஒரே காற்றாடிதான்.) பொறி என்பது வேறு. எதிராளி ஒரு குறிப்பிட்ட பிழையைச் செய்தால் மட்டுமே பலன் தரும் ஏற்பாடு அது. கேம்பிட்டில் பொறிகள் இருக்கலாம். ஆனால் நல்ல கேம்பிட் பொறியை நம்பி உயிர்வாழ்வதில்லை.

இதனைப் பிரித்தறிய நான் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்: “எதிராளி இதைக் கண்டுகொண்டால் என் நிலை என்ன?”

எல்லாப் பிள்ளைகளும் அறிந்த நான்கு நகர்த்தல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளையரசி எச்5-க்குப் பாய்கிறாள். கறுப்புக் குதிரை சி6-க்கு வருகிறது. வெள்ளை அமைச்சர் சி4-க்கு வருகிறார். இப்போது எஃப்7 கட்டத்தின்மீது இருவர் கண். கறுப்பு இதைக் கவனியாமல் மற்றக் குதிரையை எஃப்6-க்கு நகர்த்தினால் அரசி எஃப்7-ஐ வெட்டி ஆட்டத்தை முடித்துவிடுவாள். நன்று. கறுப்பு கண்டுகொண்டால்? ஜி6 என்று காலாளை ஒரு கட்டம் தள்ளினால் போதும். அரசி பின்வாங்கி எஃப்3-இலிருந்து மீண்டும் அச்சுறுத்துவாள். கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வந்து அதையும் அடைத்துவிடும். இப்போது பலகையைப் பாருங்கள். வெள்ளைக் குதிரைக்கு உரிய எஃப்3 கட்டத்தில் அரசியே உட்கார்ந்திருக்கிறாள். அடுத்துக் கறுப்புக் குதிரை டி4-க்குத் தாவி அரசியை விரட்டினால், சி2 காலாளையும் காக்க வேண்டியிருப்பதால் அவள் பெரும்பாலும் டி1-க்கே, அதாவது புறப்பட்ட வீட்டுக்கே திரும்ப நேரிடும். மூன்று நகர்த்தல்கள் ஊர்சுற்றிப் பார்த்ததில் கழிந்தன.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு போட்டியில் இதே முறையில் முதல் இரண்டு சுற்றுகளையும் வென்றான். மூன்றாம் சுற்றில் எதிரில் அமர்ந்த சிறுமி சற்றும் பதறாமல் ஜி6 ஆடினாள். அவன் தலையை நிமிர்த்தி மண்டபத்தின் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தான். ஆட்ட வேளையில் பேசக்கூடாது என்பதால் வாய் திறக்கவில்லை, எனினும் அந்தப் பார்வையின் பொருள் தெளிவாகவே இருந்தது: “ஐயா, இனி என்ன செய்வது?” அதற்குப் பின் வந்த எல்லாச் சுற்றுகளிலும் அவனுக்கு அதே நிலைதான். ஆட்டம் தொடங்க வேண்டிய இடத்தில் அவனுக்கு ஆட்டம் முடிந்துபோயிருந்தது. வேறொரு பயிற்சி மையத்தில் இந்த ஒன்றை மட்டுமே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிய காட்சியன்று. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்படும்வரை, மனனம் செய்த கட்டுரைகளோடு தேர்வு மண்டபத்திற்குள் சென்ற பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா? ‘நான் ஒரு குடை’ என்று மனனம் செய்தவனுக்கு ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று தலைப்பு வந்தால், மிதிவண்டியை மழையில் விரித்துப் பிடிப்பான்! தேர்வு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பொறியை மட்டும் மனனம் செய்த பிள்ளை அந்தக் கட்டுரைப் பிள்ளையின் உடன்பிறப்பு.

கண்டுகொண்டால் நட்டம் தரும் பொறிகள் இன்னும் பல. ‘பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட்’ என்று ஒன்று. மூன்றாம் நகர்த்தலில் கறுப்பு தன் குதிரையை டி4-க்கு இரண்டாம் முறையாக நகர்த்தி, இ5 காலாளைச் சும்மா கிடப்பதுபோல் காட்டும். வெள்ளைக் குதிரை அதை வெட்டினால் கறுப்பரசி ஜி5-க்கு வந்து பெரும் அழிவைச் செய்வாள். பேராசை கொண்ட வெள்ளைக்கு ஏழாம் நகர்த்தலில் செக்மேட். ஆனால் வெள்ளை அமைதியாகக் கோட்டை கட்டிக்கொண்டால் கறுப்பு வீணாக்கிய நேரம்தான் மிச்சம். பெயரில் உள்ள ஜோசப் ஹென்றி பிளாக்பர்ன் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய வல்லுநர். காப்பிக்கடையில் ஒரு ஷில்லிங் பணயம் வைத்து ஆடியதாகக் கதை. பெயரே சொல்கிறதல்லவா, இது சில்லறைக்கான ஆட்டம் என்று! எங்லண்ட் கேம்பிட்டும் இவ்வகையே. வெள்ளையின் டி4-க்கு எதிராக முதல் நகர்த்தலிலேயே இ5 காலாளைக் கொடுத்து, பின்னர் அரசியைக் கொண்டு பி2 காலாளை வெட்டி, வெள்ளை அமைச்சர் சி3-க்கு வரமாட்டாரா என்று காத்திருக்கும். அவர் வந்தால் கறுப்புக்குக் கொண்டாட்டம். குதிரை சி3-க்கு வந்துவிட்டாலோ கறுப்பரசி எதிரியின் வீட்டில் தனியே தவிக்க வேண்டியதுதான்.

சரி, பொறிகள் எல்லாமே இப்படித்தானா என்றால், இல்லை. இங்கேதான் பொறிகளை முற்றாக விலக்கச் சொல்லும் ஆசிரிய நண்பர்களோடு நான் மாறுபடுகிறேன். சதுரங்கப் பலகையில் மறைவு என்பது கிடையாது. எல்லாக் காய்களும் இருவர் கண்முன்னும் நிற்கின்றன. ஆகையால் பொறி வைப்பது ஏமாற்று வேலை என்று பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடம் நடத்துவது பொருந்தாது. என் எதிர்ப்பு அறம் பற்றியதன்று, கல்வி பற்றியது.

18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் வாழ்ந்த லெகால் என்பவரின் பெயரால் வழங்கும் பொறியைப் பாருங்கள். இவர் புகழ்பெற்ற பிலிடோருக்குச் சதுரங்க ஆசான். வெள்ளைக் குதிரைகள் எஃப்3, சி3-இலும் அமைச்சர் சி4-இலும் நிற்கின்றன. கறுப்பு டி6 காலாளை நகர்த்தி, அமைச்சரை ஜி4-இல் நிறுத்தி, எஃப்3 குதிரையை அரசியோடு சேர்த்துக் கட்டிவிட்டதாக நினைக்கிறது. பின்னர் ஜி6 என்று ஒரு சோம்பல் நகர்த்தல். வெள்ளைக் குதிரையோ கட்டை அறுத்துக்கொண்டு இ5 காலாளை வெட்டுகிறது. கறுப்பு அமைச்சர் அரசியை வெட்டினால், வெள்ளை அமைச்சர் எஃப்7-இல் செக். அரசர் இ7-க்கு ஓட, மற்றக் குதிரை டி5-இல் வந்து செக்மேட். இனி நம் கேள்வி: கண்டுகொண்டால்? கறுப்பு அரசியை விட்டுவிட்டு டி காலாளால் குதிரையை வெட்டும்; வெள்ளையரசி ஜி4 அமைச்சரை வெட்டுவாள். கணக்குப் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு காலாள் மிச்சம். கண்டாலும் இலாபம், காணாவிட்டாலும் இலாபம். இது கற்பிக்கத்தக்கது.

ஆனால் இதையும் மனனமாகக் கற்பித்தால் வினைதான். கறுப்பின் குதிரை சி6-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வெள்ளை அதே குதிரையால் இ5-ஐ வெட்டினால், சி6 குதிரை அதைத் திரும்ப வெட்டி, ஜி4 அமைச்சரையும் காத்துவிடும். வெள்ளைக்கு ஒரு காலாளுக்கு ஒரு குதிரை நட்டம். ஒரேயொரு காய் ஒரு கட்டம் மாறி நின்றதால் வெற்றி தோல்வியாகிறது. இவ்விரண்டு நிலைகளையும் இரண்டு பலகைகளில் அருகருகே வைத்து, “எதில் வெட்டலாம், எதில் வெட்டக்கூடாது?” என்று கேட்டுவிட்டு வாய்மூடி இருப்பதுதான் ஆசிரியர் வேலை. பத்து நிமிடம் கூச்சலாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அரசிக் கேம்பிட்டில் ‘யானைப் பொறி’ என்று ஒன்று உண்டு. (எந்த யானை என்று பிள்ளைகள் உடனே கேட்பார்கள். எந்த யானையுமில்லை.) வெள்ளை அமைச்சர் ஜி5-இல் நின்று எஃப்6 குதிரையைக் கறுப்பரசியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். குதிரை நகர முடியாது என்னும் துணிச்சலில் வெள்ளைக் குதிரை டி5 காலாளை வெட்டுகிறது. கறுப்புக் குதிரை அதை வெட்டுகிறது. வெள்ளை அமைச்சர் அரசியை வெட்டுகிறார். உடனே கறுப்பு அமைச்சர் பி4-இல் செக்! வெள்ளைக்குத் தன் அரசியை டி2-இல் குறுக்கே நிறுத்துவதைத் தவிர வழியில்லை. எல்லாம் வெட்டி முடிந்தபின் கறுப்பிடம் ஒரு காய் அதிகம். இதில் நான் பெரிதும் விரும்புவது, கறுப்பு செய்த ஆயத்தங்கள் யாவும் சாதாரண நல்ல நகர்த்தல்கள் என்பதே. வெள்ளை மாட்டாவிட்டாலும் கறுப்புக்கு எந்த நட்டமும் இல்லை. காய்கள் தத்தம் இடத்தில் ஒழுங்காக நிற்கும்.

இனி மூன்றாவது. இன்று பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு வரும் ஸ்டாஃபோர்டு கேம்பிட். எரிக் ரோசன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரரின் காணொளிகளால் 2020ஆம் ஆண்டுவாக்கில் உலகெங்கும் பரவியது. இதிலும் வெள்ளை அமைச்சர் ஜி5-க்கு வந்து குதிரையைக் கட்டுகிறார். கறுப்புக் குதிரை கட்டை மீறி இ4-ஐ வெட்டுகிறது. வெள்ளை ஆசையோடு அரசியை வெட்ட, கறுப்பின் இரண்டு அமைச்சர்களும் எஃப்2, ஜி4 கட்டங்களுக்கு அடுத்தடுத்து வந்து கதையை முடிக்கிறார்கள். கண்டுகொண்டால் என்ன? வெள்ளை டி3, பிறகு அமைச்சர் இ2 என்று அடக்கமாக ஆடினால் கறுப்பு ஒரு காலாளை இழந்ததுதான் மிச்சம். இணையத்தில் மூன்று நிமிட ஆட்டத்திற்கு இது சுவையான பலகாரம்; மாநில நிலைப் போட்டிக்குச் சோறு ஆகாது.

இம்மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் உள்ளிருக்கும் கருத்து ஒன்றே என்பது புலப்படும். அரசரோடு கட்டப்பட்ட காய் உண்மையிலேயே நகர முடியாது, விதி தடுக்கிறது. அரசியோடு கட்டப்பட்ட காயை எந்த விதியும் தடுக்கவில்லை, பயம்தான் தடுக்கிறது. இந்த ஒன்றை உணர்ந்த பிள்ளைக்கு மூன்று பொறிகளையும் தனித்தனியே மனனம் செய்யும் தேவை இல்லை. நான்காவதாக ஒன்றைத் தானே பலகையில் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த அன்று அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உண்மையான கேம்பிட்டுக்கு வருவோம். வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்னும் கப்பல் தலைவர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய எவன்ஸ் கேம்பிட்டில் வெள்ளை நான்காம் நகர்த்தலில் பி4 காலாளைக் கறுப்பு அமைச்சருக்குக் கொடுக்கிறது. அமைச்சர் வெட்டியதும் சி3 என்று அவரை விரட்டி, அடுத்து டி4 என்று நடுவைப் பிடிக்கிறது. இங்கே மறைக்க எதுவுமில்லை. கறுப்புக்கு எல்லாம் தெரிந்திருந்தாலும் வெள்ளைக்கு வேகம் உண்டு. 1995ஆம் ஆண்டு ரீகாவில் கஸ்பரோவ் இதையே ஆடி நம் விசுவநாதன் ஆனந்தை 25 நகர்த்தலில் வென்றார். ஆனந்த் அப்போது, அதே ஆண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கில் கஸ்பரோவை உலகப் பட்டத்திற்காக எதிர்க்கவிருந்தவர். அவர் பொறியில் விழும் ஆளா? ஒரு காலாளுக்கு ஈடாகக் கஸ்பரோவ் பெற்ற வேகம் அவரை அழுத்தியது, அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பாடம் எது? கையில் உள்ள பொருளைக் கொடுத்துவிட்டு, “எனக்குப் பதிலாக என்ன கிடைத்தது?” என்று அடுத்த பத்து நகர்த்தலும் தன்னையே கேட்டுக்கொண்டு ஆட வேண்டும். தவறினால் காலாள் போனது போனதுதான்.

பொறியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான்கு நகர்த்தலில் ஒரு பிள்ளை வென்றால் இன்னொரு பிள்ளை நான்கு நகர்த்தலில் தோற்கிறது. நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி, அம்மா காலையில் இறுகப் பின்னிவிட்ட சடையோடு முதன்முறையாகப் போட்டிக்கு வந்தாள். முதல் சுற்று ஒரு நிமிடத்தில் முடிந்தது. மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை, காய்களை அடுக்கிவைத்த பலகையின் முன் கைகட்டி அமர்ந்திருந்தாள். அழவில்லை. அடுத்த வாரம் கழகத்திற்கு வரவுமில்லை. அவளை மீண்டும் அழைத்துவர எனக்கு ஒரு பருவம் பிடித்தது. பதக்கப் பட்டியலில் இத்தகைய பிள்ளைகளின் கணக்கு ஏறுவதில்லை. ஆண்டுதோறும் எத்தனை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதல் போட்டியோடு சதுரங்கத்தை விட்டுவிடுகிறார்கள் என்பதை அவரவர் கழகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாலே தெரியும்.

அதனால் எங்கள் கழகத்தில் பொறிகளை மாட்டுபவர் பக்கத்திலிருந்தே தொடங்குகிறோம். முதல் மாதம் முழுவதும் தற்காப்பு. பிள்ளைகள் குறிப்பேட்டில் இடப்பக்கம் பொறியை எழுதுவார்கள். வலப்பக்கம் அதற்குரிய சரியான விடையையும், அதன்பின் யார் நிலை மேலானது என்பதையும் எழுத வேண்டும். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் பொறியைப் போட்டியில் ஆடக்கூடாது என்பது கழக விதி. சுவைக்காகச் சிலவற்றைக் காட்டவும் செய்கிறேன். லாஸ்கர் பொறியில் காலாள் எதிர்க்கோடியை அடைந்து அரசியாகாமல் குதிரையாக மாறி செக் சொல்லும். அதைக் காட்டும் நாளில் கழகமே துள்ளும். துள்ளட்டும். அந்தத் துள்ளலை வெறுக்கும் ஆசிரியர் சதுரங்கம் கற்பிக்கவே வேண்டாம்.

பெற்றோர் பலர் இப்போது குகேஷைக் காட்டிப் பேசுகிறார்கள். 2024 டிசம்பர் 12ஆம் நாள், நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த அந்தப் பதினெட்டு வயது இளைஞர் உலகப் பட்டத்தை வென்றபின் எங்கள் கழகத்திலும் கூட்டம் கூடியது. மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பதினான்காம் ஆட்டம் எப்படி முடிந்தது என்பதைப் பெற்றோர் கொஞ்சம் பார்க்க வேண்டும். கறுப்புக் காய்களோடு, ஒரேயொரு காலாள் அதிகமாக வைத்துக்கொண்டு, பலரும் சமநிலைதான் என்று எண்ணிய நிலையில் குகேஷ் விடாமல் ஆடினார். டிங் லிரென் பிழை செய்தது 55ஆம் நகர்த்தலில். அங்கே யாரும் வலை விரித்து வைத்திருக்கவில்லை. ஆட்டத்தை விட்டு எழாத ஒருவர் எதிரில் அமர்ந்திருந்தார்.

போட்டி ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றுகளைக் குறைத்து, ஆட்ட நேரத்தைக் கூட்டுங்கள். முதல் சுற்றிலிருந்தே நகர்த்தல்களை எழுதச் சொல்லுங்கள். எழுதும் கை அவசரப்படுவதில்லை. நேரம் கூடினால் நான்கு நகர்த்தல் வெற்றிகள் தாமாகவே குறையும். பயிற்றுநர்களும் வேறு எதையாவது கற்பித்தாக வேண்டிய நிலை வரும். இதனால் எங்கள் பள்ளிக்கு உடனே பதக்கம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை இரண்டாண்டுகளுக்குக் கிடைக்காமலும் போகலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை இப்படியே சொன்னேன். சிலர் முகம் சுளித்தனர், சிலர் தலையாட்டினர். பயிற்றுநரின் ஆறு வாரத் திட்டம் இவ்வாண்டுக்கு இல்லை என்று முடிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு எப்படியோ.

வரும் புதன்கிழமை எவன்ஸ் கேம்பிட்டைக் கறுப்பின் பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறோம். சி3 வந்தபின் கறுப்பு அமைச்சர் எங்கே பின்வாங்குவது என்பதில் ஆறாம் ஆண்டில் இருவருக்குள் இப்போதே வாக்குவாதம். அவன் ஏ5 என்கிறான். அந்தச் சடைக்காரச் சிறுமி, இப்போது ஆறாம் ஆண்டு, ஆனந்தைப் போல இ7 என்கிறாள். ஆனந்த் அதில் தோற்றாரே என்று அவன் மடக்கினான். “தோற்றது இ7-ஆல் இல்லை, அதற்குப் பிறகு” என்று இவள் விடவில்லை. எங்கே தோற்றார் என்று காட்டச் சொல்லியிருக்கிறேன்.